என் பையனுக்கு அடம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது நான்தான்

போன வருஷம் தை மாசம், என் சித்தி மகள் கல்யாணத்தில், மதுரையில் ஒரு மண்டபத்து நடைபாதையில் என் மூன்றரை வயசுப் பையன் மல்லாந்து படுத்துத் தலையைத் தரையில் இடித்துக்கொண்டிருந்தான். காரணம் ரொம்பச் சின்னது. என் போனில் சார்ஜ் 2 சதவீதம்தான் இருந்தது, அதனால் அவன் கையிலிருந்து வாங்கிவிட்டேன். அடுத்த ஐந்து நிமிஷத்தில் நடந்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை. சித்தி ஓடிவந்து ஒரு லட்டைக் கையில் திணித்தார். பெரியப்பா மகன் தன் போனைத் திறந்து யூடியூப் போட்டுக் கொடுத்தான். யாரோ ஒரு தாத்தா "டேய், போலீஸ் வருது பாரு" என்று மீசையை முறுக்கிக் காட்டினார். போட்டோ எடுக்கிற தம்பி அவனைப் படம் எடுத்து அவனுக்கே கேமராவில் காட்டினான். கடைசியில் என் அத்தை, அதாவது மாமியார், "என் தங்கத்தை யாரு அழவச்சது" என்று என்னை முறைத்துக்கொண்டே தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். அழுகை நின்றது, கூட்டம் பந்திக்குப் போனது, போகிற போக்கில் "அப்பா பக்கத்துல இல்லாத ஏக்கம்" என்று ஒரு தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் மணப்பெண் அறைக்குள் போய் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஐந்து நிமிஷம் தரையில் படுத்ததற்கு என் பையனுக்கு லட்டு, போன், கேமரா, பாட்டி மடி எல்லாம் வரிசையாக வந்து சேர்ந்ததை அங்கே இருந்த அறுபது பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், ஒன்றரை வருஷத்துக்கு ஒரு முறைதான் லீவு. வீட்டில் நானும் அத்தையும் பையனும். கதை தொடங்கியது அவனுக்கு ஒன்றரை வயசில். கதவிடுக்கில் விரல் மாட்டி அழுதவன், அழ ஆரம்பித்து மூச்சை வெளியே விட்டவன், திரும்ப உள்ளே இழுக்கவே இல்லை. உதடு நீலமாகி, உடம்பு விறைத்து, அப்படியே துவண்டு விழுந்தான். அரை நிமிஷம்கூட இருக்காது, தானாகவே மூச்சு வந்துவிட்டது. ஆனால் அதற்குள் அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டு தெருவுக்கே போய்விட்டார். குழந்தைகள் டாக்டர் பார்த்துவிட்டு, இது வலிப்பு இல்லை, அழுகையில் மூச்சு அடைத்துக்கொள்வது, சின்னக் குழந்தைகள் சிலருக்கு வரும், வளர வளரத் தானாகப் போய்விடும் என்று பொறுமையாகச் சொன்னார். இரும்புச்சத்து குறைவாக இருக்கிற குழந்தைகளுக்கு இது வரலாம் என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார், ஹீமோகுளோபின் 8.6, மருந்து கொடுத்தார், மூன்று மாதத்தில் அது நின்றும் போனது. டாக்டர் சொன்ன இன்னொரு வாக்கியம் எங்கள் இரண்டு பேர் காதிலும் ஏறவில்லை. "இதுக்குப் பயந்துக்கிட்டு அவன் கேட்டதையெல்லாம் குடுத்துப் பழக்கிடாதீங்க." எங்கள் காதில் ஏறியது பக்கத்து வீட்டு அக்கா சொன்னதுதான். "புள்ளைய அழவே விடாதீங்க."

அழவே விடவில்லை. இரண்டு வருஷம். அழப்போகிற மாதிரி உதட்டைப் பிதுக்கினாலே நானோ அத்தையோ கையில் எதையாவது வைத்துக்கொண்டு ஓடுவோம். இரண்டு வயசில் அது பிஸ்கட்டாக இருந்தது, இரண்டரையில் போன். சாப்பாடு ஊட்டும்போது போன், தலை சீவும்போது போன், நான் குளிக்கப் போனால் போன். அப்புறம் போன் இல்லாமல் வாயே திறக்க மாட்டேன் என்றான். கத்தல் போதவில்லை என்றால் தூக்கி எறிவான், அதுவும் போதவில்லை என்றால் தலையை இடிப்பான். தலையை இடித்தால் உலகமே கிடைக்கும் என்று ஒரு நாள் கண்டுபிடித்தான். அப்படி ஒரு நாள் இருந்திருக்கத்தான் வேண்டும், தேதி எனக்குத் தெரியாது.

அடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். அடித்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது. ஒரு தடவை முதுகில் ஐந்து விரலும் பதிகிற மாதிரி. அடித்துவிட்டு அந்தத் தடத்தைப் பார்த்ததும் எனக்கே தாங்காது, தூக்கிக் கட்டிப்பிடித்து, முத்தம் கொடுத்து, கீழே கடைக்குக் கூட்டிப்போய் சாக்லேட் வாங்கிக் கொடுப்பேன். இது வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை நடந்தது. அவன் பக்கத்திலிருந்து பாருங்கள், அடிக்கு அடுத்தது சாக்லேட். அடி வாங்குவதற்கு அவன் ஒன்றும் பெரிதாகப் பயப்படவில்லை என்பதை அப்போது நான் "தோல் தடிச்சுப்போச்சு" என்று திட்டினேன்.

எல்கேஜி சேர்த்தோம், ஒரு தனியார் பள்ளி, 28,000 ரூபாய். இரண்டாவது வாரம் பக்கத்துப் பிள்ளையைக் கடித்தான். மிஸ் அவனை ஆபீஸ் ரூமில் உட்கார வைத்தார், அங்கே ஆயாம்மா பாவம் பார்த்து பிஸ்கட் கொடுத்தார். மறுநாளும் கடித்தான், மறுபடி ஆபீஸ் ரூம். ஒரு வாரத்தில் எனக்குத் தினமும் பத்தரை மணிக்கு போன் வர ஆரம்பித்தது, "வந்து கூட்டிட்டுப் போங்க மேடம்". நான் ஆட்டோ பிடித்துப் போய்க் கூட்டி வருவேன், வீட்டுக்கு வந்ததும் களைப்பில் அவனிடம் போனைக் கொடுத்துவிட்டுச் சமைப்பேன். அவன் எப்போது கடிக்கிறான் என்று பள்ளியில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எல்லாம் ஸ்லேட்டில் எழுதச் சொல்கிற நேரத்தில்தான் நடந்திருக்கிறது. எழுதப் பிடிக்காத பிள்ளைக்கு, ஒரு கடி கடித்தால் எழுத வேண்டாம், பிஸ்கட் உண்டு, பத்தரைக்கு அம்மா, பதினொன்றுக்கு போன். இதைவிட நல்ல ஏற்பாடு எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும்? ஐந்தாவது வாரம் "எங்களால் முடியாது" என்று சொல்லிவிட்டார்கள், கட்டிய பணம் திரும்பி வரவில்லை.

அதற்கப்புறம்தான் நான் செய்த பெரிய தப்பு. பயத்தில், விசாரிக்காமல், விளம்பரம் பார்த்து ஒரு தனியார் தெரபி சென்டருக்குப் போனேன். மாதம் 18,000, மூன்று மாதத்துக்கு முன்பணம். 54,000 ரூபாய்க்கு என் இரண்டு பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. வாரத்தில் ஐந்து நாள், ஒரு நாளைக்கு 45 நிமிஷம், பையன் உள்ளே, நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் "பிஹேவியர் கரெக்ஷன்" என்பார்கள். அங்கே அவன் சமர்த்தாக இருப்பான், வீட்டுக்கு வந்தால் அதே ஆட்டம். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அங்கே கத்தினால் ஒன்றும் கிடைக்காது, இங்கே கிடைக்கும், அவ்வளவுதான் விஷயம். மூன்று மாதத்தில் ஒரு ஆள்கூட "வீட்டுல அவன் கத்தும்போது நீங்க என்ன செய்வீங்க" என்று கேட்கவில்லை. இந்த ஒரு கேள்வி வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள். பெற்றோரை அறைக்குள் உட்கார விடுகிறார்களா, வீட்டில் செய்ய என்ன சொல்லித் தருகிறார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். குழந்தையைப் பார்க்கிறவர் உளவியலாளர் என்றோ சிறப்பாசிரியர் என்றோ சொன்னால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்த எண்ணைக் கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நான் கேட்கவில்லை. என் பையனைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு அப்படி ஒரு எண்ணே இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்தப் பெண்மேல்கூட எனக்குக் கோபம் இல்லை, சம்பளத்துக்கு வேலை பார்த்தவள். நடத்தியவர்கள்மேல் இன்னும் இருக்கிறது.

சங்கிலியை அடகு வாங்கிய வீட்டம்மாதான், யோசித்துப் பாருங்கள், எனக்கு வழி சொன்னவர். அவர் பேரனை அரசு மருத்துவமனை வளாகத்தில் இருக்கிற ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில், அதாவது சின்னக் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கிற இடத்தில், காட்டியிருக்கிறார்கள். மாவட்டத் தலைநகரங்களில் இப்படி மையங்கள் இருக்கின்றன, டிஇஐசி என்று கேட்டால் சொல்வார்கள், 2013-ல் கொண்டுவந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் வந்தது, காசு கிடையாது. கூட்டம் இருக்கும், ஒரு நாள் முழுக்கப் போகும், தண்ணியும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே முதலில் காது கேட்கிறதா என்று பார்த்தார்கள், ரத்தம் பார்த்தார்கள், பேச்சு எந்த அளவில் இருக்கிறது, ஆட்டிசம் உண்டா என்று பார்த்தார்கள். ஆட்டிசம் இல்லை, பேச்சு மட்டும் வயசுக்குக் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது என்றார்கள். இந்த வரிசை முக்கியம். காதிலோ பல்லிலோ வயிற்றிலோ கோளாறு இருக்கிற பிள்ளையை நாம் அடம் என்று நினைத்துத் திருத்தக் கிளம்பிவிடக் கூடாது. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று பின்னால் வரும்.

அங்கே இருந்த உளவியல் மேடம் பையனிடம் பத்து நிமிஷம்தான் பேசினார், என்னிடம் முக்கால் மணி நேரம். கடைசியில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னார். பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டு, முதல் பத்தியில் அவன் கத்துவதற்கு முந்தின நிமிஷம் என்ன நடந்தது, நடுவில் அவன் என்ன செய்தான், எவ்வளவு நேரம், மூன்றாவதில் அதற்கு அடுத்த நிமிஷம் வீட்டில் யார் என்ன செய்தார்கள். "பத்து நாளைக்கு அவனை மாத்த வேணாம். எழுதுங்க, போதும். 'அடம் பிடிச்சான்'னு எழுதக் கூடாது, 'தட்டைத் தள்ளினான், தலையை மூணு தடவை இடிச்சான்'னு எழுதணும்" என்றார். நான் மனசுக்குள் இதுக்கா இவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று நினைத்தேன். ஆனால் எழுதினேன், அடுப்படி ஜன்னலில் நோட்டும் பேனாவும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதலாம் என்று விட்டால் மூன்றாவது பத்தியில் நாம் செய்ததை நாமே அழகாக மாற்றி எழுதிவிடுவோம், அந்த நிமிஷமே கிறுக்கிவிடுங்கள்.

பத்து நாளில் 46 பதிவு. மேடம் சிவப்புப் பேனாவால் பிரித்தார். 21 போனுக்காக. 12 ஏதாவது ஒன்றிலிருந்து தப்பிக்க, சாப்பாடு, பல் விளக்குவது, குளியல். 9 நான் வேறு யாருடனாவது பேசிக்கொண்டிருக்கும்போது. 4-க்குக் காரணம் தெரியவில்லை. ஒரு பொருள் வேண்டும், ஒரு வேலை வேண்டாம், என்னைப் பார், அப்புறம் உடம்புக்குள்ளிருந்து வருகிற ஏதோ ஒன்று, பெரும்பாலும் இந்த நாலுக்குள் அடங்கிவிடும் என்றார். வெளியே பார்க்க எல்லாம் ஒரே கத்தல், ஆனால் காரணம் வேறு என்றால் வைத்தியமும் வேறு. சாப்பிடப் பிடிக்காமல் கத்துகிறவனைக் கண்டுகொள்ளாமல் விட்டு எழுந்து போனால் அவனுக்கு அது தண்டனையா? தட்டு போய்விட்டதே, அதுதானே அவனுக்கு வேண்டியது.

போனுக்கான 21-ல் 14 தடவை நாங்கள் கொடுத்திருந்தோம், 7 தடவை உறுதியாக மறுத்திருந்தோம். அந்த ஏழை நான் கொஞ்சம் பெருமையாகக் காட்டினேன், பாருங்க மேடம், நான் ஒண்ணும் எப்பவும் குடுத்துடறதில்ல. மேடம் நேரத்தைக் காட்டினார். கொடுத்த இடங்களில் 5 நிமிஷம் கத்தின பிறகு, 12 நிமிஷம், 20 நிமிஷம். "நீங்க மறுத்த ஏழு தடவையும், இன்னும் கொஞ்ச நேரம் கத்தினா கிடைக்கும்னு கத்துக் குடுத்திருக்கீங்க." எனக்குச் சட்டென்று என் அப்பா நினைவுக்கு வந்தார். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்கிற வரைக்கும் அவர் வாங்காத நாள் இல்லை. எப்போதாவது ஐம்பது ரூபாய் விழும். எப்போதும் விழாமலே இருந்திருந்தால் ஒரு மாதத்தில் விட்டிருப்பார், எப்போதாவது விழுந்ததால்தான் பத்து வருஷம் வாங்கினார். என் பையனுக்கு நான்தான் லாட்டரிக் கடை. எப்போதாவது கொடுப்பது எப்போதும் கொடுப்பதைவிட மோசம் என்பது எனக்கு அந்த மேஜையில்தான் உறைத்தது. அதனால் சொல்கிறேன், ஒன்றைக் கொடுக்கத்தான் போகிறீர்கள் என்று உங்களுக்கே தெரிந்தால், அவன் அழுவதற்கு முன்னால், கேட்ட உடனே கொடுத்துவிடுங்கள். இருபது நிமிஷம் அழவிட்டுக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றும் கேட்டார், போன் கொடுத்ததும் உங்களுக்கு எப்படி இருக்கும்? நிம்மதியா இருக்கும் மேடம். "அதான். அவன் உங்களையும் பழக்கிட்டான்." ஜெரால்ட் பேட்டர்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் வீடுகளில் பெற்றோரும் பிள்ளைகளும் நடந்துகொள்வதைப் பல வருஷம் கூர்ந்து பார்த்து எழுதியது இதைத்தான் என்றார். பிள்ளை கத்தலைக் கூட்டக் கூட்ட, அம்மா பணிந்தால் கத்தல் நின்றுவிடுகிறது, அந்த அமைதி அம்மாவுக்குப் பரிசு, அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் பணிவார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டே போகிறார்கள். இதைக் கேட்டபோது எனக்குக் குற்ற உணர்ச்சியைவிட ஒரு ஆறுதல்தான் வந்தது. நான் கெட்ட அம்மா, அவன் கெட்ட பிள்ளை என்ற இரண்டு நினைப்பும் அதோடு கொஞ்சம் தளர்ந்தது.

சரி, என்ன செய்தோம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்காதீர்கள், நாங்கள் போனை மட்டும் எடுத்தோம். பறிக்கவில்லை. இரண்டிலிருந்து ஐந்து வயசுக்குள் திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று இந்தியக் குழந்தைகள் மருத்துவர் சங்கம் சொல்கிறதாம், அவன் நாலரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் 6 மணிக்கு அரை மணி, காலையில் அரை மணி, அழுதாலும் அழாவிட்டாலும் அந்த நேரத்தில் கட்டாயம் உண்டு, மற்ற நேரத்தில் தலைகீழாக நின்றாலும் இல்லை. 180 ரூபாய்க்கு ஒரு கிச்சன் டைமர் வாங்கினேன், மணி அடித்ததும் அவனே பட்டனை அமுக்கிவிட்டு போனை அலமாரியில் வைக்க வேண்டும், வைத்தால் பாட்டியோடு மொட்டை மாடி. அதைவிட முக்கியமாக, கத்தலுக்குப் பதில் அவனுக்கு வேறு ஒரு வழி கொடுக்க வேண்டும் என்றார் மேடம். 1985-ல் கார், டுராண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பாடம் கடினமாக இருப்பதால் ரகளை செய்த பிள்ளைகளுக்கு உதவி கேட்கச் சொல்லிக்கொடுத்ததும் ரகளை குறைந்ததைக் காட்டினார்களாம். என் பையனுக்குப் பேச்சு குறைவு, அதனால் உள்ளங்கையைக் காட்டி "போதும்", ஒரு விரலைக் காட்டி "இன்னொண்ணு", என் தோளைத் தட்டி "அம்மா பாரு". இந்த மூன்றை அவன் அமைதியாக இருக்கும்போது விளையாட்டுப் போலப் பழக்கினேன், கத்தும்போது எதையும் சொல்லித்தர முடியாது. முதல் இரண்டு வாரம் அவன் கையைக் காட்டினால் அந்த நொடியே மதித்தாக வேண்டும். மூன்று வாய் இட்லியில் "போதும்" என்று கையைக் காட்டினான், தட்டை எடுத்துவிட்டேன். அத்தை அன்றைக்கு என்னோடு பேசவில்லை, பிள்ளை இளைச்சுப்போகும் என்று. மாதக் கடைசியில் நிறுத்துப் பார்த்தோம், 13.8 கிலோ இருந்தவன் 14.1. பசித்தால் சாப்பிடத்தான் செய்கிறான்.

முதல் நாள் போனுக்கு 25 நிமிஷம் அழுதான். இரண்டாம் நாள் 35. மூன்றாம் நாள் 70 நிமிஷம், கத்திக் கத்தி வாந்தி எடுத்தான். நிற்பதற்கு முன்னால் ஒரு தடவை ரொம்ப அதிகமாகும் என்று மேடம் சொல்லியே அனுப்பியிருந்தார், சொல்லாமல் விட்டிருந்தால் நான் அன்றைக்கே கைவிட்டிருப்பேன். காசு போட்டால் இதுவரை பொருள் கொடுத்த மெஷின் திடீரென்று கொடுக்கவில்லை என்றால் நாம் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்போமில்லையா, அது மாதிரி. தலையை இடிக்க ஆரம்பித்தால் பேசாமல், முகம் பார்க்காமல், ஒரு தலையணையை அடியில் தள்ளிவிட்டு அதே அறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அறைக்குள் பூட்டி வைப்பது, வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவது எல்லாம் இது கிடையாது. நெற்றி புடைக்கிற அளவுக்கு, ரத்தம் வருகிற அளவுக்கு இடிக்கிற பிள்ளை என்றால் இதை வீட்டில் தனியாகச் செய்யவே செய்யாதீர்கள், தெரிந்தவர் துணையோடுதான். அழுகை அடங்கி அவன் ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் உடனே போய் உட்கார்ந்து தண்ணி கொடுத்து, முதுகைத் தடவி, பொம்மையை எடுத்துப் போடுவேன். அந்த ஒரு நிமிஷத்தைப் பிடிப்பதுதான் கஷ்டம், கத்தல் நின்றதும் நாமும் அப்பாடா என்று வேறு வேலைக்குப் போய்விடுவோம்.

நாலாம் நாள் நான் குளித்துவிட்டு வெளியே வந்தால் வீடு அமைதியாக இருக்கிறது. எனக்கு அப்போதே வயிறு கலங்கியது. அத்தை மடியில் அவன், அவன் கையில் போன். "அம்பது நிமிசம் கத்துறான்டி, எனக்கு ஈரக்குலை நடுங்குது. பழைய மாதிரி மூச்சு நின்னு போச்சுன்னா உன் புருசனுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். நான் கத்தினேன், அத்தை அழுதார், பையன் போன் பார்த்தான். அடுத்த வாரம் மேடத்திடம் போய்ச் சொன்னபோது அவர் ஒரு பழைய கதை சொன்னார். 1959-ல் கார்ல் வில்லியம்ஸ் என்று ஒருவர் எழுதினாராம். 21 மாதக் குழந்தை, பிறந்து முதல் ஒன்றரை வருஷம் கடுமையாக உடம்பு சரியில்லாமல் இருந்தது, அதனால் வீட்டில் தாங்கித் தாங்கி வளர்த்துவிட்டார்கள், தூங்குகிற வரைக்கும் யாராவது பக்கத்தில் உட்காராவிட்டால் ஒரே அழுகை. சாதாரணமாகக் கொஞ்சிப் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். முதல் தடவை 45 நிமிஷம் அழுதது, பத்தாவது தடவைக்குள் அழுகையே இல்லை, சிரித்துக்கொண்டு வழியனுப்பியதாம். ஒரு வாரம் கழித்து ஒரு நாள் அந்தக் குழந்தையின் அத்தை படுக்க வைக்கப் போனார், அழுதது, பாவம் பார்த்துத் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார். மறுபடி எல்லாம் முதலிலிருந்து. "அந்த ஊர்லயும் அத்தைதானா மேடம்" என்று நானும் சிரித்துவிட்டேன், ரொம்ப நாளுக்குப் பிறகு. அந்தக் குழந்தைக்கும் ஒன்றரை வருஷம், என் பையனுக்கு மூச்சு நின்றதும் ஒன்றரை வயசில். பயந்த வீடுகள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும் போல.

அடுத்த தடவை அத்தையையும் கூட்டிப்போனேன். இதை நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும், வீட்டில் இருக்கிற எல்லோரும் ஒரே பேச்சாக இல்லாவிட்டால் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள், பாதியில் விட்டால் முன்னைவிட மோசமாகும். நான் மூன்று வாரமாகச் சொன்னதை மேடம் ஐந்து நிமிஷத்தில் சொன்னார், அத்தை கேட்டுக்கொண்டார், எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். மூச்சு விஷயம் இரும்புச்சத்து ஏறியதும் போய்விட்டது, வயசும் தாண்டிக்கொண்டிருக்கிறது என்று அவரே சொன்னதும் அத்தைக்குப் பாதிப் பயம் போனது. அப்புறம் மேடம் ஒரு காரியம் செய்தார். அழும்போது கொடுக்காதீங்க என்று மட்டும் சொல்லாமல், "அவன் நல்லா இருக்கும்போது குடுக்கிற வேலை உங்களோடது பாட்டி. மொட்டை மாடி, கதை, கடலை மிட்டாய் எல்லாம் உங்க கையாலதான்" என்றார். அத்தைக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது, அவர் கை அப்படி. கொடுக்கிற நேரத்தை மாற்றினால் போதுமாக இருந்தது. அழுகை பொறுக்க முடியாவிட்டால் எதிர்வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுவது என்று அவரே ஒரு விதி போட்டுக்கொண்டார்.

இரண்டாவது தடவை ஆரம்பித்தபோது உச்சம் 80 நிமிஷம் போனது. பன்னிரண்டாம் நாள் 10 நிமிஷம். மூன்றாவது வாரம் ஒரு நாள் அலமாரியைப் பார்த்து இரண்டு சிணுங்கல், அப்புறம் டைமரைக் கொண்டுவந்து என் தோளைத் தட்டினான். இன்னும் மணி ஆகலை சாமி என்றேன். சரி என்று போய்விட்டான். நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது பல் கதை. எல்லாம் நன்றாகப் போகிறது என்று நான் கொஞ்சம் திமிராக இருந்த சமயம். ஒரு ராத்திரி சாப்பிடும்போது அழுதான், தட்டைத் தள்ளினான், "போதும்" காட்டவில்லை. பழையபடி ஆரம்பிக்கிறான் என்று நான் முகம் திருப்பிக்கொண்டேன். மறுநாளும் அதே. மூன்றாம் நாள் காலையில் கன்னம் வீங்கியிருந்தது. கடைவாய்ப் பல் சொத்தை, உள்ளே சீழ். இரண்டு நாள் வலியில் அழுத பிள்ளையை நான் பாடம் சொல்லித் தருகிறேன் என்று பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது. அதற்குப் பிறகு எனக்கு ஒரு கணக்கு உண்டு. அழுகை எப்போதும் வராத நேரத்தில் வந்தால், சத்தம் வேறு மாதிரி இருந்தால், பிடித்த விஷயத்துக்கே அழுதால், காய்ச்சல், தூக்கமின்மை, மலச்சிக்கல் ஏதாவது இருந்தால், முதலில் உடம்பைப் பார். அப்புறம் யோசிக்கலாம். சந்தேகமாக இருந்தால் தூக்கிக்கொள்வதால் ஒன்றும் கெட்டுப்போகாது. நோட்டில் காரணம் தெரியாமல் கிடந்த அந்த 4 பதிவும் சாப்பாட்டு நேரம்தான் என்பதைப் பிறகுதான் போய்ப் பார்த்தேன்.

என்னைப் பார் என்கிற அந்த 9 பதிவில் 6 ராத்திரி ஒன்பது மணிக்கு, அவர் வீடியோ காலில் வருகிற நேரம். நாங்கள் பேச ஆரம்பித்ததும் அவன் தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிடுவான், நான் "ஏன்டா இப்படிப் பண்றே" என்று ஐந்து நிமிஷம் திட்டுவேன், அங்கிருந்து அவரும் திட்டுவார். நாள் முழுக்க என்னிடம் இரண்டு வார்த்தை கேட்காத பிள்ளைக்கு, செம்பு ஒன்றைத் தட்டிவிட்டால் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து தன்னையே பார்த்துப் பேசுகிறார்கள். திட்டுவதும் கவனிப்புதான் என்பது எனக்கு யோசிக்கவே தோன்றாத விஷயம். இப்போது 8:45-க்கே அவனை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் அவனோடு மட்டும். வீடியோ காலில் முதல் ஐந்து நிமிஷம் அப்பாவும் பிள்ளையும், அப்புறம்தான் நான். செம்பு உருண்டால் துணியை எடுத்துக் கையில் கொடுப்பேன், பேச்சு கிடையாது. ஒரு வாரத்தில் செம்பு நின்றது. பாராட்டுவதற்கும் ஒரு பக்குவம் உண்டு, சும்மா குட் பாய் குட் பாய் என்றால் அவனுக்கு எதற்கு என்று தெரியாது. "நான் பேசும்போது கார் வச்சு விளையாண்ட பாரு, எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு" என்று செய்ததைச் சொல்ல வேண்டும். முதலில் எனக்கு நாடகம் மாதிரி இருந்தது, வாயில் வரவே இல்லை. நம் வீடுகளில் திட்டத்தானே பழகியிருக்கிறோம்.

வெளியில்தான் இன்னும் கஷ்டம். கடையில் அவன் கீழே படுத்தால் யாராவது ஒருவர் மிட்டாயோடு வந்துவிடுவார்கள், நல்ல மனசுதான். நான் ஒரே வாக்கியம் வைத்திருக்கிறேன். "பரவாயில்லைண்ணே, ரெண்டு நிமிசத்துல எந்திரிச்சிருவான், நீங்க போங்க." சிரித்துக்கொண்டே சொல்லிவிட வேண்டும், விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் கூட்டம் கூடிவிடும். கல்யாண வீட்டுக்குப் போவதாக இருந்தால் சார்ஜ் போட்ட போனை மறைத்து எடுத்துப்போவதைவிட, அரை மணிக்கு ஒரு தடவை அவனை வெளியே கூட்டிப்போய் நடக்க வைப்பது மேல்.

கணக்குப் போட்டால் சென்டர் 54,000, பள்ளி 28,000, உடைந்த போன் ஒன்று 12,500, இரண்டு தடவை டிஸ்ப்ளே மாற்றியது 6,400. மொத்தம் 1,00,900 ரூபாய், அடகு வட்டி தனி. வேலை செய்தது நோட்டும் டைமரும், இரண்டும் சேர்த்து 210 ரூபாய், பஸ் காசு தனி. இப்போது அங்கன்வாடிக்குப் போகிறான். டீச்சரிடம் சேர்க்கிற அன்றைக்கே, எழுதப் பிடிக்காவிட்டால் கையைக் காட்டுவான், காட்டினால் இரண்டு நிமிஷம் விட்டுவிட்டு மறுபடி ஒரு எழுத்து எழுதச் சொல்லுங்கள், என்ன செய்தாலும் வீட்டுக்கு மட்டும் அனுப்பாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவரும் முயற்சி பண்ணிப் பார்க்கலாம் என்றார். இந்த நாலு மாதத்தில் ஒரு தடவை கடித்திருக்கிறான்.

அடுத்த மாதம் அவர் லீவில் வருகிறார். எல்லாவற்றையும் விளக்கி பன்னிரண்டு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன், கேட்டுவிட்டு "சரிம்மா, எல்லாம் நீ சொல்றபடியே" என்றார். நேற்று அவர் அண்ணன் மனைவி வாய்தவறிச் சொல்லிவிட்டார், பெட்டியில் பையனுக்கு ஒரு டேப்லெட் இருக்கிறதாம். அத்தையிடம் சொன்னேன். "வரட்டும், மேடத்துக்கிட்ட அவனையும் கூட்டிட்டுப் போவோம்" என்று சொல்லிவிட்டு, டைமரைத் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.